மாருதி 800 (1994, கார்புரேட்டர்): சூடானதும் ஸ்லோ நிற்கவில்லை, சிக்னலில் ஆஃப் ஆகிறது

திருச்சி94

வணக்கம். 1994 மாடல் மாருதி 800, ஏ.சி. உண்டு. கார்புரேட்டர் வண்டி, பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் முதல் அடியிலேயே பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச தூரம் ஓடி டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்த பிறகுதான் தொல்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி மொத்தமும் உதறி ஆஃப் ஆகிவிடுகிறது. ஏ.சி. போட்டிருந்தால் உதறக்கூட நேரம் இல்லை. ஆனால் தஞ்சாவூர் ரோட்டில் எழுபது எண்பதில் போகும்போது ஒரு குறையும் கிடையாது. பிக்கப் பழையபடியே இருக்கிறது.

மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டார், பிளக் மாற்றினார், கடைசியில் ஸ்லோ ஸ்க்ரூவை (காலை எடுத்தபோது இன்ஜின் சும்மா சுற்றும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூ) ஏற்றிவிட்டார். இப்போது ஆஃப் ஆவது குறைந்திருக்கிறது. ஆனால் நியூட்ரலில் நிற்கும்போதே உறுமுகிறது. சாவியைத் திருப்பிய பிறகும் இன்ஜின் இரண்டு மூன்று சுற்று கடகடவென்று ஓடிவிட்டுத்தான் அடங்குகிறது. "கார்ப் தேய்ந்துவிட்டது, புதுசு போட்டுவிடலாம்" என்கிறார். போடலாமா?

பங்க்_பக்கம்

எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோல் செய்யும் வேலை. 2023-இல் இ20 (இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்ததிலிருந்து பழைய கார்ப் வண்டி எதுவும் ஒழுங்காக ஸ்லோவில் நிற்பதில்லை. புது கார்ப் போட்டாலும் இதே கதைதான், காசை வீணாக்காதீர்கள்.

உக்கடம்_டேப்பட்

கார்ப் வாங்க வேண்டாம், பொறுங்கள். பெட்ரோலையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

எண்பதில் நன்றாக ஓடி, ஸ்லோவில் மட்டும் தடுமாறும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, எங்கோ கள்ளக் காற்று உள்ளே போகிறது என்பதை. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு ஸ்லோவில் ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் பலமாக உறிஞ்சும், ஆனால் உள்ளே போகும் காற்று கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தோடு ஒரு ஓட்டை வழியாகக் காற்று சேர்ந்தால் கலவை வெளுத்துவிடும், அதாவது பெட்ரோல் போதாமல் போகும். எண்பதில் தட்டு திறந்திருக்கிறது. உறிஞ்சலும் குறைவு, போகும் காற்றும் ஏராளம். அதே ஓட்டை இருந்தாலும் இன்ஜினுக்குத் தெரியாது. கார்ப்பின் மெயின் ஜெட்டிலோ ஃப்யூல் பம்பிலோ கோளாறு என்றால் எண்பதில்தான் முதலில் காட்டும்.

இன்னொன்று. காலையில் சோக் போட்டு ஓட்டும்போது கலவை தடித்திருக்கும், அதனால் ஓட்டை மறைந்துபோகும். சோக்கை உள்ளே தள்ளியதும் வெளியே வரும். நீங்கள் "சூடானதும்" என்று சொல்வது உண்மையில் "சோக் இல்லாதபோது" என்பதாகவும் இருக்கலாம். சோதித்துப் பாருங்கள்: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஸ்லோவில் உதறும்போது, சோக் குமிழைக் கால்வாசி மெதுவாக இழுங்கள். இன்ஜின் திணறிப் புகை கக்கினால் நான் சொல்வது தவறு. உதறல் அடங்கி ஆர்.பி.எம். ஏறினால் கலவை வெளுத்திருக்கிறது என்று உறுதி.

அப்புறம், சாவியைத் திருப்பிய பிறகும் ஓடுகிறது என்றீர்களே, அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். முதலில் இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். கடைசியாக எடுத்த புகைச் சான்றிதழ் இருந்தால் அதிலுள்ள எண்களையும் போடுங்கள்.

திருச்சி94

சோக் கால்வாசி இழுத்ததும் உதறல் அப்படியே அடங்கிவிட்டது! ஆர்.பி.எம். நன்றாகவே ஏறியது. உள்ளே தள்ளினால் திரும்ப உதறல்.

புகைச் சான்றிதழ் மெக்கானிக் கை வைப்பதற்கு முன்பு எடுத்தது. கார்பன் மோனாக்சைடு 0.6, ஹைட்ரோகார்பன் 1420. பாஸ் என்றுதான் போட்டிருக்கிறது.

உக்கடம்_டேப்பட்

பாஸ்தான். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை விடுவார்கள். ஆனால் அந்தத் தாளைச் சான்றிதழாகப் பார்க்காமல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மாதிரி படியுங்கள். கார்பன் மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம் என்று பொருள். உங்களுக்கு அது மிகவும் குறைவு. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமல் வெளியே வந்த பெட்ரோல். அது எல்லையைத் தொடுகிறது. பெட்ரோல் குறைவாகப் போகிறது, போகிற கொஞ்சமும் சில அடியில் எரியாமலே வருகிறது என்றால், கலவை வெளுத்து மிஸ்ஸிங் ஆகிறது என்று அர்த்தம். சோக் சோதனையும் இதையே சொல்கிறது. அந்தச் சோதனை ஸ்லோவில்தான் எடுக்கப்படுகிறது என்பதால் ஸ்லோ தொல்லைக்கு இதைவிட மலிவான ரிப்போர்ட் கிடையாது. கேட்டு வாங்கிப் படிக்கிறவர்கள்தான் இல்லை.

இப்போது ஆஃப் ஆகாமல் சுற்றும் விஷயம். உங்கள் கார்ப்பில் ஒரு ஃப்யூல் கட் சோலினாய்டு உண்டு. ஒயர் வைத்த சின்ன உருளை. சாவி போட்டால் ஊசி உள்ளே இழுத்து ஸ்லோ பெட்ரோல் வழியைத் திறக்கும், சாவி எடுத்தால் மூடும். அது ஒழுங்காக வேலை செய்தால் நிறுத்திய பிறகு இன்ஜின் இப்படிச் சுற்றாது. அது கெட்டுப்போனால் சில பட்டறைகளில் புதிது போடாமல் ஊசியை வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டிவிடுவார்கள். வழி எப்போதும் திறந்தே இருக்கும், ஸ்லோ நிற்கும், ஆனால் சாவி எடுத்தாலும் பெட்ரோல் போகும். அதோடு ஸ்லோ ஸ்க்ரூவை வேறு ஏற்றியிருக்கிறார்கள், த்ராட்டில் திறந்து கிடக்கிறது. உள்ளே சூடான கரி பற்றவைக்க, பிளக் இல்லாமலே ஓடும். இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சோலினாய்டு ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுங்கள். "டிக்" சத்தம் வருகிறதா? பெட்ரோல் வாசனை இருந்தால் இதைச் செய்யாதீர்கள், ஒயரில் பொறி வரும்.

யாழ்_மொறிஸ்

உக்கடம் அண்ணை சொல்லுறது சரி. எங்களிட்ட மொறிஸ் மைனர் நிக்குது, அதுவும் ஒருக்கா இப்பிடித்தான் நடந்தது, மனிபோல்ட் (கார்ப்பில இருந்து இன்ஜினுக்குக் காத்துப் போற குழாய்) பக்கிங் போயிட்டுது. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் இஞ்ச வாகனமெல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அப்ப எல்லாரும் ஸ்லோவைக் கூட்டி விட்டுத்தான் ஓடினவை. அந்தப் பழக்கத்தில இண்டைக்கும் கராச்சில வாகனம் நிண்டால் முதல் கை போறது ஸ்லோ ஸ்க்ரூவுக்குத்தான். எண்ணெய் சரியாயிட்டுது, பழக்கம் போகேல்ல.

திருச்சி94

டிக் சத்தம் வருகிறது. அப்போது சோலினாய்டு நன்றாகத்தானே இருக்கிறது?

உக்கடம்_டேப்பட்

சத்தம் வருவது காந்தத்துக்கு உயிர் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது, ஊசி முழுசாக இருக்கிறதா என்று சொல்லாது. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது அந்த ஒயரைப் பிடுங்குங்கள். உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஒன்று ஊசி இல்லை, அல்லது இன்ஜின் ஸ்லோ வழியிலேயே ஓடவில்லை.

இரண்டாவதையும் சோதிக்கலாம். மிக்சர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) இப்போது இருக்கும் இடத்திலிருந்து எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே மெதுவாக உள்ளே திருகுங்கள். முழுதும் உள்ளே போனால் இன்ஜின் நின்றாக வேண்டும். நிற்காமல் ஓடினால், த்ராட்டிலை அதிகம் திறந்துவிட்டதால் தட்டு ஸ்லோ துளையைத் தாண்டி அடுத்த துளைகளுக்குப் போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் மிக்சர் ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் பலன் இல்லை. அதைவிட மோசம், தட்டு அப்படி ஏறினால் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் அட்வான்ஸ் துளையும் திறந்துகொள்ளும். ஸ்லோவிலேயே டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், முன்னே ஓடும், அதனால் ஆர்.பி.எம். இன்னும் ஏறும். மெக்கானிக் அதைப் பார்த்து "ஆஹா, ஸ்லோ நிற்குது" என்பார். ஸ்க்ரூவை உள்ளே இறுக்கி அமுக்காதீர்கள், ஊசி முனையில் வளையம் விழுந்துவிடும்.

குன்னூர்க்காரன்

திருச்சி நண்பரே, இன்ஜின் உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் ஒன்று வாங்குங்கள். விலை அதிகம் இல்லை. மனிபோல்டிலிருந்து வரும் ஏதாவது ஒரு ஹோஸில் மாட்டினால் போதும். சமவெளியில் நல்ல இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும், முள் ஆடாமல் நிற்கும். ஆடாமல் ஆனால் தாழ்வாக நின்றால் காற்று இழுக்கிறது, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஒரே தாளத்தில் விட்டு விட்டுத் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை.

ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். என் வண்டி இங்கே 12 காட்டும், அதுவே சரி. மேட்டுப்பாளையத்தில் ட்யூன் செய்த கார்ப் வண்டி மேலே வந்தால் காற்று மெலிந்து கலவை தடிக்கும், ஸ்லோவில் கரிப்புகை வரும். இங்கே ட்யூன் செய்துகொண்டு கீழே போனால் உங்கள் தொல்லை. சீசனில் வரும் கார்களுக்கு மலையில் ட்யூனிங் செய்யாதே, அப்படியே அனுப்பு என்பார் எங்கள் பெரியப்பா.

பங்க்_பக்கம்

எத்தனாலை இவ்வளவு சுலபமாக ஒதுக்குகிறீர்களே. கலவை வெளுக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். எத்தனாலும் அதைத்தான் செய்கிறது.

உக்கடம்_டேப்பட்

ஒதுக்கவில்லை. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். பழைய ஜெட் பழைய அளவே ஊற்றுவதால் கலவை கொஞ்சம் வெளுக்கும். மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தால் ஸ்லோவில் அதை ஈடுகட்டிவிடலாம். பழைய ரப்பர் ஹோஸும் டயாபிரமும் அதில் ஊறிக் கெடும் என்பதும் உண்மை, அவற்றை ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் அதனால் மட்டும் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நிற்காது. ஏற்கெனவே ஓட்டை இருக்கும் வண்டியை அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். இங்கே உக்கடத்தில் அதே பெட்ரோலை ஊற்றிக்கொண்டு பல கார்ப் வண்டிகள் ஸ்லோவில் அழகாக நிற்கின்றன.

பழைய_இரும்பு

ஓட்டையைக் கண்டுபிடிக்க சுலப வழி: ஒரு பாட்டிலில் பெட்ரோல் எடுத்து கார்ப் அடியில் பீய்ச்சுங்கள். எங்கே பீய்ச்சும்போது ஆர்.பி.எம். ஏறுகிறதோ அங்கே ஓட்டை.

உக்கடம்_டேப்பட்

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பக்கத்திலேயே சூடான சைலன்சர் மனிபோல்ட், டிஸ்ட்ரிபியூட்டரில் பொறி. வண்டி எரிந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் போதும். சலூனில் வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, மெல்லிய பூச்சாக, மூட்டு மூட்டாக அடியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு கணம் அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமும் பிளக் ஒயர் பக்கமும் மட்டும் அடிக்காதீர்கள்.

அதற்கு முன் ஹோஸ்களை முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றாக, துணி சுற்றிய பிளையரால் மெதுவாக அமுக்கிப் பிடியுங்கள். எதை அமுக்கும்போது ஸ்லோ சீராகிறதோ, அந்த ஹோஸ் அல்லது அது போய்ச் சேரும் சாமான் கள்ளன். இன்ஜின் புகையை உள்ளே இழுக்கும் பி.சி.வி. ஹோஸ், வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸ், பிரேக் பூஸ்டர் இருந்தால் அதன் ஹோஸ், ஏ.சி. போடும்போது ஸ்லோவை ஏற்றிக்கொடுக்கும் டயாபிரம், நான்கும் பாருங்கள். ஏ.சி. போட்ட உடனே ஆஃப் ஆகிறது என்பதால் அந்த டயாபிரத்தின் மேல் எனக்குத் தனிச் சந்தேகம். ஏ.சி. ஆன் செய்ததும் அது த்ராட்டில் லிவரை லேசாக இழுக்க வேண்டும். ஆளை உள்ளே உட்காரவைத்துச் சுவிட்சைப் போடச் சொல்லி, நீங்கள் பானட்டுக்குள் பாருங்கள்.

திருச்சி94

செய்து பார்த்துவிட்டேன், வரிசையாகச் சொல்கிறேன்.

சோலினாய்டு ஒயரைப் பிடுங்கினால் ஆஃப் ஆகவில்லை. மிக்சர் ஸ்க்ரூ முழுதும் உள்ளே போன பிறகும் ஓடியது. கேஜ் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன்: 14-இல் ஆடாமல் நிற்கிறது.

ஏ.சி. டயாபிரத்துக்குப் போகும் ஹோஸைத் தேடினால், அது பாதியில் வெட்டப்பட்டு, கார்ப் பக்க முனையில் ஒரு போல்ட் சொருகி வைத்திருக்கிறது. போல்ட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் தடிமனாக ஏறியிருந்தது, அதனால் பழைய வேலைதான். டயாபிரம் சும்மா தொங்குகிறது, ஏ.சி. போட்டால் அசைவே இல்லை.

பி.சி.வி., வேக்யூம் அட்வான்ஸ் ஹோஸ்களை அமுக்கிப் பார்த்ததில் மாற்றம் இல்லை. அப்புறம் தண்ணீர் ஸ்ப்ரே. கார்ப்புக்கும் மனிபோல்டுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு தடித்த பிளேட் இருக்கிறதே, அதன் உள்பக்க மூலையில் அடித்ததும் "சீ..." என்று உறிஞ்சும் சத்தம். ஒரு நொடி ஸ்லோ சீரானது, திரும்ப உதறல். மறுபடி அடித்தேன், மறுபடி அதேதான். கேஜ் முள்ளும் அந்த நேரத்தில் மேலே போய்த் திரும்பியது.

உக்கடம்_டேப்பட்

பிடித்துவிட்டீர்கள். அது பேக்லைட் இன்சுலேட்டர். மனிபோல்ட் சூடு கார்ப்புக்கு ஏறாமல் தடுக்க வைத்தது. கார்ப்பைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் "லூஸாக இருக்கக் கூடாது" என்று நட்டுகளை முழு பலத்தோடு முறுக்குவார்கள். இன்சுலேட்டர் விரிசல் விடும், அல்லது கார்ப்பின் அடிப்பாகமே வில்லாக வளையும். அதன்பின் எத்தனை பேக்கிங் வைத்தாலும் மூலையில் காற்று இழுக்கும். மெக்கானிக் கார்ப்பைக் கழுவிய பிறகு தொல்லை குறையாததற்கு இதுதான் காரணம். கழுவிய கார்ப்பைத் திரும்ப அதே ஓட்டை மேல் உட்காரவைத்திருக்கிறார்.

கார்ப்பைக் கழற்றி, அடிப்பாகத்தின் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிற்கவைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் ஃபீலர் கேஜ் விட்டு அளக்கலாம். லேசான வளைவு என்றால் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் எமரி தாள் வைத்து எட்டுப் போடுவதுபோல் தேய்த்துச் சமமாக்கலாம். தேய்த்த பிறகு ஒரு துளி மண்ணும் உள்ளே தங்காமல் காற்றடியுங்கள். இன்சுலேட்டர் புதிது, இருபக்க பேக்கிங்கும் புதிது. பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம், அது கரைந்து ஜெட்டுக்குப் போகும். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கழற்றியிருக்கும்போதே ஸ்லோ ஜெட்டில் காற்றடித்துவிடுங்கள். பித்தளை ஜெட்டில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

ட்யூனிங்குக்கு முன் மற்றதை ஒழுங்கு செய்யுங்கள். முதலில், குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் (வால்வு இடைவெளி). பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ., பாயிண்ட் முகம் குழி விழுந்திருந்தால் கன்டென்சரோடு சேர்த்து மாற்றுங்கள். பாயிண்டைத் தொட்டால் டைமிங் நகரும் என்பதால் டைமிங் அதற்கு அப்புறம்தான். வேக்யூம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் அடிக்க வேண்டும். கார்ப் ஸ்க்ரூ எல்லாவற்றுக்கும் கடைசி. நம் பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் அந்த ஸ்க்ரூ கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

எம்பிஎஃப்ஐ04

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 2004 எம்.பி.எஃப்.ஐ. (கார்ப் இல்லை, இன்ஜெக்டர்) மாருதி 800. இதே மாதிரி ஸ்லோவில் உதறல். நான் எந்த ஸ்க்ரூவைப் பார்ப்பது?

குன்னூர்க்காரன்

எதையும் தொடாதீர்கள். உங்கள் வண்டியில் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். த்ராட்டில் பாடியில் சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருகினால் அதற்குக் கணக்குத் தப்பும். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி படிந்திருக்கும், அதைச் சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை வளைத்து மடிப்புகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், பி.சி.வி. ஹோஸையும் பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க பிளக் ஒயரைப் பிடுங்கும் பழைய பழக்கம் இதில் வேண்டாம், எரியாத பெட்ரோல் போய் சைலன்சரில் உள்ள கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். மேலும் கேட்க வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே எழுதினால் இவருடையதோடு கலந்துவிடும்.

திருச்சி94

வேலை முடிந்தது.

கார்ப் அடிப்பாகம் வளைந்துதான் இருந்தது, 0.25 ஃபீலர் தாராளமாக உள்ளே போனது. கண்ணாடி மேல் தேய்த்தேன். முதலில் நான்கு மூலைகள் மட்டும் பளபளத்தன, நடுவில் கறுப்பாகவே இருந்தது. தேய்க்கத் தேய்க்க அந்தக் கறுப்பு சுருங்கி, கடைசியில் முழு முகமும் ஒரே நிறத்துக்கு வந்தது. இன்சுலேட்டரில் நான் தண்ணீர் அடித்த அதே மூலையில் மயிரிழை விரிசல். சோலினாய்டையும் கழற்றினேன், ஊசி வெட்டித்தான் வைத்திருக்கிறார்கள், முனையில் அரம் போட்ட தடம்கூடத் தெரிகிறது. மூன்றில் ஒரு சிலிண்டரின் எக்சாஸ்ட் டேப்பட் டைட்டாக இருந்தது, அதையும் சரி செய்தாகிவிட்டது.

மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஆர்.பி.எம். எகிறியது. ஸ்லோ ஸ்க்ரூவை வெகுவாக இறக்க வேண்டியிருந்தது. இப்போது 900 பக்கம் நிற்கிறது, மிக்சர் ஸ்க்ரூ திருகினால் உடனே பேசுகிறது, முழுதும் உள்ளே விட்டால் நிற்கிறது. கேஜ் 18.5. புது சோலினாய்டு போட்டதும் சாவியைத் திருப்பினால் சட்டென்று அடங்கிவிடுகிறது. ஏ.சி. ஹோஸைத் திரும்ப இணைத்தேன், டயாபிரம் கிழிந்திருக்கிறது. ஏ.சி. போட்டால் இன்னும் கொஞ்சம் தொங்குகிறது, ஆனால் ஆஃப் ஆகவில்லை.

உக்கடம்_டேப்பட்

18.5 போதும். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது மிக்சரைத் தொட்டிருந்தால் ஃபேன் நின்ற பிறகு இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், அது இழுக்கும் கரண்ட்டுக்கே ஸ்லோ கொஞ்சம் இறங்கும். டயாபிரம் கிழிந்திருப்பதால் அந்த ஹோஸ் வழியாகவும் ஏ.சி. போடும்போது காற்று இழுக்கும். புதிது கிடைக்கும் வரை ஹோஸில் பழைய போல்ட்டையே திரும்பச் சொருகி வையுங்கள், ஆனால் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

திருச்சி94

டயாபிரம் திருச்சியில் கேட்ட கடைகளில் இல்லை என்கிறார்கள். எங்கே தேடலாம்?

பழைய_இரும்பு

புதிது வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். கழற்றிய சாமான் போதும் என்றால் புதுப்பேட்டை. எதை வாங்கினாலும் கடையிலேயே வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். லிவர் உள்ளே போய் அப்படியே நின்றால் எடுங்கள், மெதுவாகத் திரும்பி வந்தால் வேறு கேளுங்கள்.

உக்கடம்_டேப்பட்

எங்கள் உக்கடத்திலும் கிடைக்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய கார்ப் பாடியோடு விற்பார்கள், டயாபிரம் மட்டும் கழற்றித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். ஸ்க்ரூ துளை இடைவெளியை அளந்துகொண்டு போங்கள். வருஷத்துக்கு வருஷம் பிராக்கெட் மாறும்.